பிக்கப் வண்டியை வீட்டிலேயே 'ரெண்டு இன்ச்' தூக்கலாமா? பட்டறைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வரும் சாலையில் பத்து நிமிடம் நின்றால் போதும். கன்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள், இவற்றுக்கு நடுவே நெளிந்து போகும் பிக்கப்கள் என்று ஒரு முழு வாகனக் கண்காட்சியே நடக்கும். பெரிய வண்டிகள் நெடுஞ்சாலையோடு நின்றுவிடும். பிக்கப் மட்டும்தான் அங்கிருந்து கிளைச்சாலைக்குத் திரும்பி, ஊருக்குள் புகுந்து, ஏரிக்கரை மண் ரோட்டில் இறங்கி, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டு வாசல் வரை போக வேண்டும். அளவே இல்லாமல் போட்ட வேகத்தடை, மழைக்குப் பிறகு வாய் பிளந்த பள்ளம், பாலாற்றுத் தரைப்பாலம் என எல்லாவற்றையும் தாண்டுவது அதுதான்.

அப்போதுதான் "அண்ணே, அடியில இடிக்குது, ஒரு ரெண்டு இன்ச் தூக்கிக் கொடுங்க" என்ற பேச்சு வருகிறது. பட்டறைக்குப் போனால் ஒருநாள் வண்டி நிற்கும், வாடகை போகும். அதனால் ஆன்லைனில் ஸ்பேசர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு வேலையை முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. வீடியோக்களில் இது அரை மணி நேர வேலை மாதிரிதான் தெரியும்.

வண்டியைத் தூக்கினால் உண்மையில் என்ன உயர்கிறது, என்ன உயரவில்லை, எது கெட்டுப்போகிறது, சட்டம் என்ன சொல்கிறது?

எதைத் தூக்குகிறோம்?

பிக்கப்பின் பின்பக்கம் பெரும்பாலும் பட்டைதான். இரும்புப் பட்டைகளை அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட் போட்டு, யு போல்ட்டால் அச்சோடு இறுக்கியிருப்பார்கள். டாடா ஏஸ் போன்ற சின்ன வண்டிகளில் முன்பக்கமும் பட்டை. இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங், பின்பக்கம் பட்டை. வி-கிராஸ் 2016-லும் ஹைலக்ஸ் 2022-லும் இந்தியாவுக்கு வந்தன. 'லிஃப்ட் கிட்' என்ற சொல் நம் ஊர்ப் பேச்சில் பரவியதில் இந்த மாதிரி வண்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பின்பக்கத்தைத் தூக்க மூன்று வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு இரும்புக் கட்டை வைத்து, நீளமான யு போல்ட் போடுவது ஒன்று. பட்டையின் ஒரு முனையைப் பிடித்திருக்கும் ஷேக்கிளை நீளமாக மாற்றுவது இன்னொன்று. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அச்சு பட்டையின் நடுவில் உட்கார்ந்திருப்பதால், ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி சுமார் 1 அங்குலம்தான் உயரும். மூன்றாவது, நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த 'எக்ஸ்ட்ரா பட்டை'. முன்பக்கம் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டி என்றால் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைப்பார்கள், அல்லது உயரமான ஸ்பிரிங்கையே மாற்றுவார்கள்.

எக்ஸ்ட்ரா பட்டையை மற்ற இரண்டோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. அது உயரத்துக்காகப் போடுவது இல்லை, லோடுக்காகப் போடுவது. உயரம் கூடுவது பக்க விளைவு. அதைப் பிறகு பார்ப்போம்.

இடிப்பது எது என்று பார்த்தீர்களா?

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது. பிக்கப்பின் பின்பக்கம் தரைக்கு மிக அருகில் இருப்பது பெரும்பாலும் அச்சின் நடுவில் பானை மாதிரி உருண்டு நிற்கும் டிஃபரன்ஷியல் வீடு. அது அச்சோடு ஒட்டியது. அச்சு சக்கரத்தோடு ஒட்டியது. பட்டையைத் தூக்கினாலும், கட்டை வைத்தாலும், மேலே போவது சேஸிஸும் பாடியும் மட்டும்தான். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். ரோட்டின் நடுவில் துருத்தி நிற்கும் கல் நேற்று டிஃபரன்ஷியலில் இடித்தது என்றால், 2 அங்குலம் தூக்கிய பிறகு நாளைக்கும் அதே இடத்தில்தான் இடிக்கும்.

இதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலம்தான் உயரும், ஏனென்றால் தரையிலிருந்து அச்சு வரை உள்ளது டயரின் பாதி.

அப்படியானால் சஸ்பென்ஷனைத் தூக்குவதால் பயனே இல்லையா? இருக்கிறது. வேகத்தடையில் சேஸிஸ் நடுப்பகுதி, சைலன்சர் குழாய், பக்கவாட்டுப் படி, முன் பம்பர் இடிப்பவர்களுக்கு உதவும். பெரிய டயர் போட இடமும் கிடைக்கும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது? இன்ஜின் காற்று உறிஞ்சும் வாய் பாடியோடு சேர்ந்து அந்த 2 அங்குலம் உயரும், அவ்வளவுதான். சக்கர பேரிங்கும் டிஃபரன்ஷியலும் பழைய உயரத்திலேயே நனையும். ஓடும் தண்ணீர் 2 அடி இருந்தாலே எஸ்.யு.வி.யையும் பிக்கப்பையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று அமெரிக்க தேசிய வானிலை சேவை பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. பாலாற்றில் வெள்ளம் போகும் நாளில் அவளூர் பக்கம் கடக்க நினைப்பவருக்கு லிஃப்ட் கிட் கைகொடுக்காது.

பிரேக்கை ஏமாற்றும் ஒரு கம்பி

வீட்டில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதுதான். ஆபத்திலும் இதுவே முதலிடம்.

பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சிறிய கம்பியும், அதன் முனையில் ஒரு வால்வும் இருக்கும். மெக்கானிக்குகள் 'எல்.எஸ்.பி.வி' என்பார்கள். அதன் வேலை எளிமையானது. லோடு ஏறினால் வண்டியின் பின்பக்கம் கீழே உட்காரும். கம்பி அதை உணர்ந்து பின் சக்கரங்களுக்கு அதிக பிரேக் அழுத்தம் அனுப்பும். லோடு இறங்கினால் பின்பக்கம் மேலே எழும். அப்போது அழுத்தத்தைக் குறைக்கும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இப்போது பின்பக்கத்தில் 2 அங்குலக் கட்டை வைத்தால் என்ன ஆகும்? வண்டியில் முழு லோடு இருக்கும். ஆனால் சேஸிஸுக்கும் அச்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி காலி வண்டி மாதிரியே இருக்கும். வால்வு அதை நம்பிவிடும். பின் பிரேக்குக்குப் போக வேண்டிய அழுத்தம் போகாது. முன் பிரேக் மட்டும் தனியாக மூச்சு வாங்கும். சும்மா தெருவில் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் முழு லோடோடு வரும்போது முன்னால் போன கன்டெய்னர் திடீரென்று நின்றால் தெரியும்.

இதைச் சரிசெய்ய முடியும். தூக்கிய உயரத்துக்கு ஏற்ப கம்பியின் பிடிமானத்தை மாற்றி, அந்த மாடலுக்கு நிறுவனம் சொல்லும் அளவில் வால்வை மறுபடி அமைக்க வேண்டும். விலை குறைந்த கிட்டுகளில் அதற்கான பிராக்கெட் வருகிறதா என்று பார்த்தாலே அந்தக் கிட்டின் தரம் பாதி தெரிந்துவிடும்.

பிரேக் ஹோஸையும் பார்க்க வேண்டும். ரப்பர் குழாய்க்கு ஒரு நீளம்தான் உண்டு. வண்டி குழியில் இறங்கி அச்சு முழுவதும் தொங்கும்போது குழாய் இழுபடும் அளவுக்கு வந்தால், ஒருநாள் அறுந்துவிடும்.

அடுத்தது பிரப்பல்லர் ஷாஃப்ட். தூக்கியதும் அதன் சாய்வு கூடும். 40, 50 கி.மீ. வேகத்தில் அடியிலிருந்து ஒரு அதிர்வு வர ஆரம்பித்தால் கிராஸ் தேயத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முன் சக்கர அலைன்மென்ட் மாறும். டயர் ஒரு பக்கம் மட்டும் தேயும். ஹெட்லைட் மேலே பார்க்கும், எதிரே பைக்கில் வருபவரின் கண் கூசும். ஹெட்லைட்டைச் சரிசெய்ய ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், ஆனால் அதைச் செய்பவர்கள் குறைவு.

கவிழும் கணக்கு

'தூக்கினால் வண்டி கவிழும்' என்று பொதுவாகச் சொல்வார்கள். எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் எடை மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கார்களுக்குக் கவிழும் அபாய மதிப்பெண் கொடுக்க இதே எண்ணைத்தான் பயன்படுத்துகிறது. எண் பெரிதாக இருந்தால் நல்லது.

உதாரணத்துக்கு, சக்கர அகலம் 1,500 மி.மீ., காலி வண்டியின் எடை மையம் 700 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். எண் 1.07. அதை 75 மி.மீ., அதாவது 3 அங்குலம், தூக்கினால் 0.97 ஆகிறது. 30 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவில், ஏட்டுக் கணக்குப்படி சாயத் தொடங்கும் வேகம் 64 கி.மீ.யிலிருந்து 61 கி.மீ.க்கு இறங்கும். வெறும் 3 கி.மீ. தானா என்று தோன்றும்.

இப்போது அதே வண்டியில் உயரமாக லோடு ஏற்றி, எடை மையம் 950 மி.மீ.க்குப் போனது என்று வைப்போம். தூக்காமலேயே அந்த வேகம் 55 கி.மீ. ஆகிவிடுகிறது. தூக்கியிருந்தால் 53. அதாவது லிஃப்ட்டைவிட லோடுதான் பெரிய வில்லன். இரண்டும் சேர்ந்தால் 64 என்று பழகிய கை, 53-ல் வளைவைத் திருப்புகிறது. இதுவும் ஏட்டுக் கணக்குதான். சஸ்பென்ஷன் ஆடுவது, லோடு ஒரு பக்கம் சரிவது, டயர் நெளிவது எல்லாம் சேர்ந்தால் உண்மையான வேகம் இதற்கும் கீழே. டிரைவரின் கைக்குப் பழகியது காலி வண்டியின் திருப்பம் என்பதை மறந்துவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை யாரும் மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 'மாற்றம்' என்றால் வண்டியின் அடிப்படை அம்சம் மாறும் அளவுக்கு அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம் என்று சட்டமே விளக்கம் தருகிறது.

கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இந்தப் பிரிவைக் கறாராக வாசித்தது. தயாரிப்பு நிறுவனத்தின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றினால் பதிவு செய்ய முடியாது என்பதுதான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் மையம். அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சஸ்பென்ஷன் ஒன்று, டயர் ஒன்று, பம்பர் ஒன்று என்று எண்ண முடியும்.

சி.என்.ஜி., எல்.பி.ஜி. மாற்றத்துக்கும், மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கு ஏற்ப வண்டியை அமைப்பதற்கும் சட்டத்தில் தனி வழி உண்டு. 'லிஃப்ட்' என்ற சொல் சட்டத்தில் இல்லை. அதனால் 1 அங்குல ஸ்பேசர் கட்டமைப்பு மாற்றமா என்று வாதாட இடம் இருக்கிறது. அந்த வாதத்தை விபத்து நடந்த பிறகு நீதிமன்றத்தில் வைக்க வேண்டியிருக்கும் என்பதுதான் சிக்கல்.

மற்ற நாடுகளில் வேறு மாதிரி. ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் சஸ்பென்ஷனைச் சுமார் 50 மி.மீ. வரை தூக்க இன்ஜினியர் சான்று தேவையில்லை, அதற்கு மேல் போனால் தேவை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் முன்பக்கத்தை மட்டும் வானத்தைப் பார்க்கத் தூக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தும் ஸ்டைலை 2021 டிசம்பரிலிருந்து தடை செய்தது. டிரைவருக்கு முன்னால் நடந்து போகும் ஆளே தெரியாது என்பது அங்கே எழுந்த புகார். நம்மிடம் இப்படி 'இத்தனை மி.மீ. வரை ஓகே' என்ற தெளிவான அளவுகோல் இல்லை. இருந்தால் உரிமையாளருக்கும் நல்லது, சோதனை செய்யும் அதிகாரிக்கும் நல்லது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புதிய மாடல்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இதே ஒரகடத்தில்தான் இருக்கிறது. ஒரு புது வண்டியின் பிரேக்கும் சஸ்பென்ஷனும் அங்கே டிராக்கில் ஓடிச் சோதனைக்கு உள்ளாகின்றன. அதற்குச் சில கி.மீ. தள்ளி, அதே அமைப்பை வீட்டு வாசலில் ஒரு ஸ்பேனர் செட் மாற்றி எழுதிவிடுகிறது.

எஃப்.சி., இன்சூரன்ஸ்

மஞ்சள் போர்டு பிக்கப்புக்கு முதல் 8 ஆண்டுகள் 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். காஞ்சிபுரமோ ஸ்ரீபெரும்புதூரோ, எஃப்.சி.க்கு முன் பழைய பட்டையை மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து கழற்றி மாட்டுவது சிலருக்கு வாடிக்கை. அப்படிச் செய்தால் யு போல்ட் ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. ஒருமுறை முழுதாக இறுக்கிய யு போல்ட் இழுபட்டுவிடும். மறுபடி போட்டால் பிடிமானம் பழையபடி நிற்காது.

இன்சூரன்ஸ் விஷயம் இன்னும் கடுமை. வண்டியில் செய்த மாற்றத்தை நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டு, விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து கட்டையைப் பார்த்தால், சொந்த வண்டியின் சேதத்துக்கான பணம் நிராகரிக்கப்படலாம். எதிராளிக்கு நிறுவனம் முதலில் பணம் கொடுத்தாலும், பிறகு அதை உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதித்த வழக்குகள் உண்டு. தவணையில் வாங்கிய வண்டி என்றால், வண்டி போன பிறகும் தவணை மட்டும் நிற்காமல் ஓடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாசலில்தான் செய்வேன் என்றால்…

பழைய பட்டையையோ ஸ்பிரிங்கையோ அதே அளவில் மாற்றுவதற்கும் இந்த எச்சரிக்கைகள் பொருந்தும். அது சட்டத்துக்கு உட்பட்ட வேலைதான்.

முதலில் தரை. மண் வாசலில் ஜாக்கி சாயும். சிமென்ட் தரை வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இல்லை. சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் தலை உள்ளே போக வேண்டும். ஹாலோ பிளாக் கல்லை வைத்து அதன் மேல் வண்டியை நிறுத்துவது நம்மூர் பழக்கம். அந்தக் கல் முன்னறிவிப்பு கொடுக்காமல் நொறுங்கும்.

காயில் ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையை வீட்டில் செய்யவே கூடாது. ஒரு மி.மீ. அமுக்க 100 நியூட்டன் விசை கேட்கும் ஸ்பிரிங்கை 150 மி.மீ. அமுக்கி வைத்தால், அதற்குள் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 1,125 ஜூல். ஒரு சிமென்ட் மூட்டையை ஏழரை அடி உயரத்திலிருந்து, அதாவது வீட்டு சன்ஷேடு உயரத்திலிருந்து, தலையில் போடுவதற்குச் சமம். வாடகைக்கு வாங்கிய கம்ப்ரெஸரின் மரை வழுக்கினால் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. இதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவது நல்லது.

பட்டை வேலையில் சென்டர் போல்ட்டைத் தளர்த்தும்போது அடுக்கு விரியும். பெரிய சி கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும். யு போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக, நிறுவனம் சொன்ன அளவில் இறுக்க வேண்டும். ஷேக்கிள் புஷ் போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகுதான் முழுதாக இறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும். சில நூறு கி.மீ. ஓடிய பிறகு யு போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்த பட்டை கொஞ்சம் தளர்வு கொடுக்கும்.

தூக்காமலே உயர்த்தும் வழி

அடியில் இடிக்கிறது என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கு லிஃப்ட் தேவையே இருக்காது. பட்டை உட்கார்ந்துபோயிருக்கும். வருடக்கணக்கில் லோடு சுமந்த பட்டை தன் வளைவை இழந்து ஓரிரு அங்குலம் இறங்கிவிடும். மட்டமான தரையில் காலி வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் ஓரம் வரை டேப் வைத்து அளந்தால் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று தெரியும். அதே மாடல் புதிய வண்டி ஒன்றை அளந்து ஒப்பிட்டால் இன்னும் தெளிவு.

இறங்கியிருந்தால் நிறுவன அளவிலேயே புதுப் பட்டை, புது புஷ், புது ஷாக் அப்சார்பர் போட்டாலே இழந்த உயரம் திரும்பும். இதில் சட்டச் சிக்கலும் இல்லை, எல்.எஸ்.பி.வி. குழப்பமும் இல்லை. உட்கார்ந்த பட்டையைப் பட்டறையில் காய்ச்சி அடித்து வளைப்பது மலிவான வழி. ஆனால் காய்ச்சிய ஸ்பிரிங் இரும்பைச் சரியாக எண்ணெயில் ஆற்றி, மறுபடி பதப்படுத்தவில்லை என்றால் அது சாதா இரும்பாகிவிடும். சில மாதங்களில் மீண்டும் உட்காரும், அல்லது உடையும்.

எக்ஸ்ட்ரா பட்டை விஷயத்துக்கு வருவோம். பட்டை கூடினால் வண்டி உட்காராது, அதனால் லோடு தாங்கும் என்று தோன்றும். ஆனால் அச்சு, பேரிங், பிரேக், டயர், சேஸிஸ் எதுவும் மாறவில்லை. பதிவுச் சான்றில் உள்ள எடை வரம்பும் மாறவில்லை. வரம்புக்கு மேல் ஏற்றினால் 194-வது பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். காலியாகத் திரும்பும்போது அதே பட்டை கட்டை மாதிரி விறைத்து நிற்கும், பின் சக்கரம் ரோட்டில் துள்ளும். மழை நாளில் ஒரகடம் பக்கம் காலி பிக்கப் ஒன்று பிரேக் போட்டதும் பம்பரம் மாதிரி சுழன்று நிற்பதைப் பார்த்தவர்கள் டயரைத்தான் குறை சொல்வார்கள். பட்டை அடுக்கையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.